வில்லியம்ஸ் நம்மவரா?

குழு நடத்த வந்திருக்கும் இளைய நண்பர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து செல்போன். நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அவை இருபத்தாறு தடவை சத்தம் போட்டன. எண்ணவேண்டும் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருக்க எனக்கு வராது. "குரூப்புல யாராச்சும் தன்னைப் பத்தி மறைச்சு எழுதினா இன்னா சார் பண்றது? தூக்கிடலாமா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். ரத்த அழுத்த மாத்திரை போடாத நேரம் அது. ஏதோ உளறி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு அதே கவலை. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போனவர்கள் யாரையாவது தூக்கிவிடப் போகிறீர்களே என்று. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பெர்த் என்று எழுதியிருக்கும் ஊரும் பெர்த் இல்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

கனரக எந்திரத் தொழிற்சாலையில், வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு செய்த வேலைதான் இந்தக் குழு. அப்போது ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நான்கு கம்ப்யூட்டர், மூன்று வேலை செய்யும். தங்க வயலை விட்டு வெளிநாடு போனவர்கள், பெங்களூர் போனவர்கள், போகாமல் இங்கேயே கிடப்பவர்கள் எல்லோரும் மின்னஞ்சலில் பேசிக்கொள்வதற்காக ஒரு குழு. யார் எழுதினாலும் கடிதம் முதலில் பொறுப்பாளர்கள் இருவருக்கு வரும். நாங்கள் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். ஒரு பொறுப்பாளர் நான். இன்னொருவர், இங்கேயே ஆங்கிலப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவர். அந்த மாடிப்படியில் அவர் ஏறும்போதெல்லாம் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் விழுந்ததே இல்லை. நான் இரண்டு தடவை விழுந்தேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் தங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதவேண்டும் என்பது எங்கள் வழக்கம். எந்தப் பகுதி, எந்தச் சுரங்கம், இப்போது எங்கே. இந்த விவரங்களை வைத்து நான் மாதாமாதம் ஒரு கணக்குப் போட்டு அனுப்புவேன். ஒரு மாதம், தமிழர் எத்தனை, ஆங்கிலோ இந்தியர் எத்தனை, தெலுங்கர் எத்தனை என்றும் ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று டீச்சரைக் கேட்டேன்.

"யார் இன்னான்னு யாரு முடிவு பண்றது, இன்ஜினியர்? நீங்களா?"

"அவங்க எழுதறத வெச்சுத்தான்."

"எழுதாதவங்கள?"

அந்தக் கட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அந்தக் குழுவில் எல்லோருக்கும் பிடித்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டென்சில். அறுபதுகளில் இங்கிருந்து குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிற பெர்த்துக்குக் குடிபெயர்ந்தவர். தன்னைப் பற்றிய முதல் கடிதத்தில், தாத்தா இங்கிலாந்தில் கார்ன்வால் சீமையிலிருந்து வந்த சுரங்க அதிகாரி, நீலக்கண்காரர் என்று எழுதியிருந்தார். கிளப்பில் ஆடிய நடனம், பங்களா தோட்டத்து ரோஜா, இதெல்லாம் அவர் எழுதினால் நேரில் பார்ப்பதுபோல் இருக்கும்.

இன்னொருவர் வில்லியம்ஸ். இங்கேயே இருப்பவர். சுரங்கத்தில் ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டு இருக்கிறதல்லவா, அதை மேலிருந்து இயக்கும் எந்திரத்தில் வேலை. ஸ்கெலட்டன் லைனில் வீடு. லைன் என்றால் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய தகரக் கூரை வீடுகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் இருந்தவர், ஆங்கிலம் என்னைவிட நன்றாக எழுதுவார். ஹாக்கியைப் பற்றியும் கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றியும் அவர் எழுதியதற்கு எட்டு நாடுகளிலிருந்து பதில் வந்தது.

வில்லியம்ஸ் தமிழர். என் நிறம்தான் அவருக்கும். வெயிலில் நின்றால் என்னைவிட ஒரு மாற்றுக் கூடுதலாகத் தெரியும். இது ஊரில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். பெர்த்தில் இருக்கிற டென்சிலுக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்தது பெயரை, ஆங்கிலத்தை, கேக்கை. மூன்றும் சேர்ந்தால் தன்னைப்போல் ஒருவர் என்று முடிவு செய்துவிட்டார். "வில்லியம்ஸ், லைன்களுக்கு அவ்வளவு பக்கத்தில் வளர நேர்ந்தது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்" என்று ஒருமுறை குழுவில் எழுதினார். நான் படித்துவிட்டு நாற்காலியில் நெளிந்தேன். வில்லியம்ஸ் அதற்குப் பதில் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மழையைப் பற்றி எழுதினார்.

அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய மகள். ஷீலா நர்ஸ் படிப்பு முடித்தவள். பெர்த்தில் ஒரு கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வில்லியம்ஸின் சம்பளம் எத்தனை மாதத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. கல்லூரியில், அந்த ஊர்க்காரர் யாராவது வீட்டில் தங்க இடம் தருவதாகக் கடிதம் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். டென்சில் உடனே முன்வந்தார். எங்கள் வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, நம் பிள்ளை இன்னொருவர் வீட்டில் ஏன் தங்கவேண்டும் என்று எழுதினார். நம் பிள்ளை. அந்த வார்த்தையை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

கடிதம் திங்கட்கிழமைக்குள் போகவேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பொறுப்பாளருக்கு என்று தனியாக டென்சிலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "ஐயா, நீங்கள் அந்த ஊரிலேயே இருப்பவர். வில்லியம்ஸ் நம்மவரா, லைன்காரரா? இங்கே ஒரு நண்பர் சந்தேகம் சொல்கிறார். பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறோம், தெரிந்துகொள்வது நியாயம். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள்."

நம்மவரா என்று என்னைக் கேட்கிறார். நான் யார் என்று அவர் கேட்டதே இல்லை. பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போடுகிறவன் எந்த ஊர், எந்த நிறம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

வழிகளை எண்ணிப் பார்த்தேன். ஆம் என்றால் பொய். அந்தப் பெண் அங்கே போய் இறங்கியதும் வெளிப்படும். இல்லை என்றால் உண்மை. மாடி அறை போய்விடும், அதோடு கல்லூரியும். பதில் போடாமல் விட்டால் அதுவும் இல்லை என்பதுதான். மூன்று வழி, மூன்றும் ஆகாது. டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னா இன்ஜினியர், யாருக்கு இன்னா ஆச்சு? மொதல்ல உக்காருங்க. நீங்க மயங்கி வுழுந்தா தூக்க இங்க ஆள் கிடையாது."

அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த மின்னஞ்சலைக் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் மூன்று வழிகளையும் சொன்னேன்.

"மூணுலயும் நீங்கதான் பேசறீங்க," என்றார்.

"கேட்டது என்னைத்தானே?"

"கேட்டது உங்கள. கேட்டது யாரப் பத்தி? அவருகிட்ட எடுத்துக்கினு போய்க் குடுங்க. அப்புறம் அவரு பாடு."

"அவர் ஒண்ணும் எழுதமாட்டேன்னா?"

"எழுதமாட்டேன்னா எழுதமாட்டாரு. டென்சிலுக்கு ஒரே வரி போடுங்க. உங்க கேள்விய உரியவருகிட்ட சேர்த்தாச்சுன்னு. அதுக்கு மேல ஒரு எழுத்து வேணாம்."

இது நழுவல் இல்லையா என்று வாக்குவாதம் செய்தேன். என் சந்தேகங்கள் ஆறு. ஆறையும் கேட்டுவிட்டு, "டீ ஆறிப்போவுது" என்றார்.

அன்று சாயங்காலமே ஸ்கெலட்டன் போனேன். வில்லியம்ஸ் ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். தாளைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முகத்திலிருந்து தண்ணீர் தாளில் சொட்டியது.

"நான் எங்கயாச்சும் என்னை ஆங்கிலோ இந்தியன்னு எழுதிக்கினேனா சார்? நீங்கதான எல்லாத்தையும் எண்ணுவீங்க. சொல்லுங்க."

"பதினாலு கடிதம் எழுதியிருக்கீங்க. ஒண்ணுலயும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு என்னை வந்து கேக்கறீங்க?"

"இல்லன்னும் பதினாலுல ஒண்ணுலயும் இல்லயே."

அவருக்குக் கோபம் வந்தது. அது என்மேல் இல்லை, அல்லது என்மேல் மட்டும் இல்லை. "அந்தாளு லைன்காரங்கள மட்டமா எழுதினப்ப நீங்கதான அத ஓகே பண்ணி எல்லாருக்கும் அனுப்பினீங்க? அப்ப மட்டும் கேள்வி இல்ல. இப்ப நான் இன்னான்னு சர்டிபிகேட் காட்டணுமா? அவன் காட்டினானா?"

நியாயமான கேள்வி. உள்ளே இருந்து ஷீலா வந்து தகப்பனார் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தாள்.

"நைனா, ஒண்ணு சொல்லட்டா?"

"நீ சும்மா இரு. திங்கக்கெழம வரைக்கும் வாய மூடிக்கினு இருந்தா லெட்டர் வந்துடும்."

"வந்துடும். நான் போவேன். போய் அந்தம்மாவும் அந்தாளும் டேபிள்ல லைன்காரங்களப் பத்தி பேசறப்போ சோத்தக் கெளறிக்கினு உக்காந்திருக்கணுமா? ரெண்டு வருஷம் என்னால ஆவாது. நீயாச்சும் மெயில்ல பேசாத இருந்த. நான் மூஞ்சியோட போறேன்."

வில்லியம்ஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம், "டீ குடிக்கிறீங்களா சார்?" என்றார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் டென்சிலுக்கு அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பிவிட்டு, இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு காலை, கோயில் முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வில்லியம்ஸ் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, திரையை என் பக்கத்திலிருந்து திருப்பி வைத்துக்கொண்டார். டென்சிலுக்குத் தனியாக எழுதுவார் என்று நினைத்தேன். அவர் எழுதியது குழுவுக்கு. அதன் சாரம் இது:

"நான் சேர்ந்தபோது என்னைப் பற்றி ஒழுங்காக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். என் தாத்தா பெயர் முனுசாமி. செங்கம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் அவருக்கு வில்லியம்ஸ் என்று பெயர் வைத்தார். நான் லைனுக்குப் பக்கத்தில் வளர்ந்ததற்காக டென்சில் வருத்தப்பட்டிருந்தார். பக்கத்தில் இல்லை, உள்ளேயே வளர்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக் கேக்கும் எங்கள் வீட்டுக் கேக்கும் ஒரே பேக்கரி அடுப்பில்தான் வெந்தன. டின்மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தால் எது பங்களாவுடையது, எது லைனுடையது என்று தெரியாது. பேக்கரிக்காரர் டின்னின் நெளிசலைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். எங்கள் டின் கொஞ்சம் அதிகம் நெளிந்தது. இதுவரை நான் எழுதிய எதுவும் பொய்யில்லை. என் மகளுக்கு அறை வேண்டும் என்பதால் இதை மட்டும் எழுதாமல் இருந்தேன். அறை இப்போதும் வேண்டும். ஆனால் அங்கே வரும் பெண் முனுசாமியின் கொள்ளுப்பேத்தி."

இதை அனுமதிக்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த டீச்சர் எட்டி விசையை அழுத்திவிட்டார்.

அன்று மாலைக்குள் முப்பத்தெட்டு கடிதம். வில்லியம்ஸைப் பாராட்டியவர்கள் உண்டு. ஏமாற்றிவிட்டார் என்றவர்கள் உண்டு. பதினொரு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். இந்த ரகளையில் கனடாவிலிருந்து ஒருவர் யோசனை சொன்னார்: இனிமேல் எல்லோரும் ஒரு புகைப்படம் அனுப்பட்டும், பொறுப்பாளர்கள் அதைக் குழுவில் போடட்டும், யார் என்னவென்று கண்ணுக்குத் தெரிந்துவிடும், சண்டை தீர்ந்தது. இந்த யோசனைக்கு ஒன்பது பேர் ஆதரவு. உண்மையைச் சொன்னால் பத்து. நானும் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

"போட்டோ கேக்க ஆரம்பிச்சா அப்புறம் இது செக்போஸ்ட் ஆயிடும். செக்போஸ்ட்ல வேல பாக்க எனக்கு வயசில்ல."

"மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு இன்னா கஷ்டம் டீச்சர்?"

"அப்டியா? எங்க ஆளுங்க அந்தக் காலத்துல ஆஸ்திரேலியாவுக்கு எப்டிப் போனாங்க தெரியுமா? ஒடம்புல எத்தினி பங்கு வெள்ளக்காரன்னு கேப்பாங்க. தாத்தா போட்டோ, பாட்டி போட்டோ எல்லாம் காட்டணும். ஒரே வீட்ல அண்ணன் போனான், தம்பி நின்னுட்டான். வெயில் பட்டு கறுத்துப்பூடுவோம்னு வீட்ட வுட்டு வெளிய வராத கெடந்த பசங்கள எனக்குத் தெரியும். போட்டோ கேக்கற வேலைய நான் பண்ணமாட்டேன், இன்ஜினியர். நீங்க பண்றதா இருந்தா என் பேர எடுத்துட்டுப் பண்ணுங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நான் கனடாக்காரருக்கு, உங்கள் யோசனையை ஏற்பதற்கில்லை என்று எழுதினேன். அவரைத் திட்டவில்லை, ஆதரித்த ஒன்பது பேரையும் திட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவில் டென்சிலிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை காலை வில்லியம்ஸ் ஷிப்டுக்குப் போகாமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஷீலாவும் வந்தாள். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே ஓடிக் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டேன். மத்தியானம் கடைக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். பேக்ஸ் எந்திரத்தில் ஒரு தாள் வந்திருந்தது. ஷீலா என்ற மாணவிக்கு எங்கள் வீட்டில் தங்க இடம் தருகிறோம் என்று கல்லூரிக்கு எழுதிய கடிதத்தின் நகல், டென்சிலின் கையெழுத்தோடு. வில்லியம்ஸுக்கு என்று தனியாக ஒரு வரிகூட இல்லை.

அதே நாளில் டென்சில் குழுவை விட்டு விலகினார். பன்னிரண்டாவது ஆள். கோபத்தில் போகிறார், கொடுத்த வாக்குக்காகக் கடிதத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணை அங்கே எப்படி நடத்துவாரோ என்று அதன்பின் எனக்கு வேறு கவலை.

சுரங்கத்தை மூடினார்கள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஷீலா விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்த செய்தியைச் சொல்ல, பிரவுசிங் சென்டர் தொலைபேசிக்குத்தான் கூப்பிட்டாள். வில்லியம்ஸ் பேசிவிட்டு ரிசீவரை வைத்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம். என்னையும் டீச்சரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏர்போர்ட்ல வெள்ளக்காரரு ஒருத்தரு அட்டைய பிடிச்சிக்கினு நிப்பாருன்னு பொண்ணு தேடியிருக்குது. ஒருத்தரையும் காணோம். ரெண்டு தபா டென்சிலத் தாண்டியே போயிருக்குது. மூணாவது தபா அவரே பேரச் சொல்லிக் கூப்பிட்டாராம்." குரலைத் தாழ்த்தினார். "ஆளு எப்டிம்மா இருக்காருன்னு கேட்டேன். உன் கலர்தான் நைனா, ஒரு புடி கூடவே இருக்கும்னு சொல்லுது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வில்லியம்ஸே சொன்னார்: "நல்லா பாத்துக்கறாராம். ராத்திரி அவரே ரசம் வெச்சாராம். இத குரூப்புல போட வேணாம் சார்."

அவர் படியிறங்கிப் போன பிறகு எனக்கு மெதுவாக ஒரு கணக்குப் பிடிபட்டது. டென்சில் அறுபது வயதுக்காரர். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில்தான் அவர் படித்ததாக எழுதியிருந்தார்.

"டீச்சர், டென்சில் உங்ககிட்ட படிச்சாரா?"

"மூணாங்கிளாஸ். மொதல் பெஞ்ச். நல்லா பாடுவான்."

"அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளிக்கிழமை லெட்டரப் படிச்சப்பவே தெரியும். போட்டோ ரகளையிலயும் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே டென்சில் வாய் அடைஞ்சிருக்குமே," என்றேன்.

"அடைஞ்சிருக்கும்," என்றார் டீச்சர். "பேக்ஸ்ல அந்த லெட்டர் வந்திருக்குமா?"

நண்பர்களே, இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த விவரம் என்னிடம் இருந்திருந்தால் அன்றைக்கே குழுவில் போட்டிருப்பேன். உண்மைதானே, நியாயம்தானே என்று போட்டிருப்பேன். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். ஒரு மனிதர் தாத்தாவின் நீலக்கண்ணுக்குப் பின்னால் நாற்பது வருடம் நின்றது அம்பலமாகியிருக்கும், ஒரு பெண்ணுக்கு அறை போயிருக்கும். வில்லியம்ஸின் கடிதத்தைப் படித்துவிட்டு டென்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நினைத்தாரோ எனக்குத் தெரியாது. தானாக முடிவெடுக்க அவருக்கு ஒரு பகல் கிடைத்தது. அதை அவருக்குக் கொடுத்தது டீச்சர்.

உங்கள் குழுவிலும் ஒரு நாள் யாராவது இன்னொருவரைக் காட்டி, இவர் நம்மவரா என்று உங்களைக் கேட்பார். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது.

அன்று டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்தார். "சும்மா எண்ணிக்கினு நிக்காதீங்க, இன்ஜினியர். இன்னிக்கு இன்னும் எத்தினி லெட்டர் பாக்கி?"

"ஒன்பது," என்றேன்.